கைமாற்றும் கைச்சாத்தும்



இந்தச் சொற்பொழிவுக்கு மூலதனம் வைத்த பெரியவர் மண்டிக்கடையில் பெட்டியடியில் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழித்தவர். சட்டத்தைப் பற்றிப் பேச வருகிறவர் பெரிய சாசனப் பிரச்சினைகளை விட்டுவிட்டுக் குடும்பஸ்தனுக்குப் பிரயோஜனப்படும் விஷயம் ஒன்றைப் பேசவேண்டும் என்று அவர் விரும்பினார் என அவருடைய புதல்வர் என்னிடம் சொன்னபோது, முப்பத்தைந்து ஆண்டுகளாக நியாயஸ்தலங்களின் வராந்தாக்களில் நான் கண்ட மனஸ்தாபங்களில் பாதிக்கு மேல் எதனால் விளைந்தவை என்று எண்ணிப்பார்த்தேன். நிலத் தகராறு ஒரு பங்கு. பாகப்பிரிவினை ஒரு பங்கு. மூன்றாவது பங்கு, தொழில் தொடங்குவதற்காக நண்பனுக்குக் கொடுத்த பணம். முதல் இரண்டிலும் வாதியும் பிரதிவாதியும் விரோதிகளாகவே கோர்ட்டுக்குள் நுழைகிறார்கள். மூன்றாவதில் மட்டும், முதல் வாய்தாவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழில் கடனைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு என்றாலும், நண்பர்களுக்கிடையே வழங்குவது ஒரே சொல்தான், அது கைமாற்று. கைமாற்றுக்கு வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிய பொருள் சம்பள நாளிலோ அறுவடை முடிந்த மறுநாளிலோ வந்த வழியே திரும்பிவிடும் என்ற நம்பிக்கை மாத்திரமே உண்டு. நூறும் இருநூறுமாக இருந்த காலத்தில் அந்தச் சொல் அழகாகவே இருந்தது. இன்று விசைத்தறி போடவும், பேக்கரி திறக்கவும், சரக்கு வண்டி வாங்கவும் லட்சக்கணக்கில் கைமாறும்போதும் சொல் மட்டும் மாறாமல் நிற்கிறது. தொகை வளர்ந்துவிட்டது, சொல் வளரவில்லை. வழக்கு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

வள்ளுவர் நட்பை 79-ஆம் அதிகாரமாக வைத்து, அதை அடுத்து 80-ஆவதாக நட்பாராய்தலையும், 81-ஆவதாகப் பழைமையையும் வைத்திருக்கிறார். ஆராய்ந்து நட்புக் கொள்வதும், பழகிய உரிமையால் நண்பன் செய்வதைப் பொறுத்துக்கொள்வதும் அடுத்தடுத்த அதிகாரங்கள். எங்களிடம் வரும் கட்சிக்காரர்கள் 79-ஐ அனுபவித்து, 80-ஐப் புரட்டாமல் விட்டு, 81-இல் சிக்கிக்கொண்டவர்கள்.

நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில் கண்ட வழக்கு ஒன்றைச் சொல்லுகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தம் பால்ய சிநேகிதர் நான்கு விசைத்தறி போடுவதற்காக இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்திருந்தார். புரோநோட்டு இலக்கணச் சுத்தமாக எழுதப்பட்டிருந்தது, வாத்தியார் எழுதியதல்லவா? ஆண்டுதோறும் பொங்கல் கழிந்த மறுநாள் நண்பர் கரும்புக் கட்டோடு வந்து வட்டிக்கென்று ஏதோ ஒரு தொகையை ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் தலைமையாசிரியர் அலமாரியைத் திறந்து, நோட்டின் பின்புறத்தில் தேதியும் தொகையும் போட்டு, ‘வட்டிக்கு வரவு’ என்று முத்துமுத்தாக எழுதி வைப்பார். வந்த விருந்தாளியின் முன்னே காபியை வைத்த கையோடு பேனாவையும் நீட்டிக் கையொப்பம் கேட்க அவருக்குத் தாட்சண்யம். ஐந்தாம் ஆண்டில் தறி நின்றது, வட்டி நின்றது, வழக்குத் தொடங்கிற்று.

குறுக்கு விசாரணை பத்து நிமிஷங்கூட நடக்கவில்லை. “நோட்டின் பின்புறம் இருக்கிற எழுத்து யாருடையது?” “என்னுடையது.” “அதன் கீழே பிரதிவாதியின் கையொப்பம் இருக்கிறதா?” வாத்தியார் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. அன்று மாலை வராந்தாவில் தூண் மறைவிலிருந்து வந்த நண்பர், “வாத்தியாரே, வக்கீல் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன்” என்றார். பணம் கொடுத்ததை அவர் வெளியே ஒருபோதும் மறுத்ததில்லை.

சட்டம் இதில் என்ன சொல்லுகிறது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கேட்கும்போது திருப்பித் தருவதாக எழுதிய புரோநோட்டின்மேல் வழக்குத் தொடர 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டுகள் தருகிறது. நாம் கேட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம், அது தவறு. நோட்டு எழுதிய தேதியிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிடுகிறது. இடையில் அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதி செலுத்தப்பட்டால், செலுத்திய நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும் என்று அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சலுகை காட்டுகிறது. ஆனால் செலுத்திய செய்தி, செலுத்தியவருடைய கையெழுத்திலோ அவர் கையொப்பமிட்ட எழுத்திலோ இருக்கவேண்டும். வாங்கியவர் எவ்வளவு அழகாக எழுதி வைத்தாலும் அது அவர் தமக்குத்தாமே எழுதிக்கொண்ட கடிதமே. அந்தச் சிறு தொகைகளைப் பொங்கல் தோறும் நண்பர் காசோலையாகக் கொடுத்திருந்தால் அந்தக் காசோலையே அவர் கையொப்பமிட்ட எழுத்தாக நின்று வாத்தியாரைக் காப்பாற்றியிருக்கும். பணமே வராவிட்டாலும், ‘இன்ன தேதி நோட்டின்படி இன்ன தொகை நான் தரவேண்டியிருக்கிறது’ என்று காலம் முடிவதற்குள் நண்பர் ஒரு வரி எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட்டாலும் 18-ஆம் பிரிவின்படி அதே பலன் உண்டு. காலம் முடிந்துவிட்ட பிறகோ, வெறும் ஒப்புதல் போதாது. பழைய கடனைத் தீர்ப்பதாகப் புதிய வாக்குறுதியையே எழுத்தில் பெறவேண்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. காலம் கடந்தபின் அப்படி எழுதித் தரும் நண்பர் கிடைப்பதுதான் அரிது.

இதுவரை சொன்னது கடன் என்று பெயர் பெற்றுவிட்ட பணத்தின் கதை. பெயரே பெறாத பணத்தின் கதை இதைவிடச் சோகமானது. ‘நீ பத்து லட்சம் போடு, கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், வருவதில் உனக்கும் உண்டு’ என்ற சம்பாஷணையை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். போடு என்ற சொல்லில் கடனும் இருக்கிறது, முதலும் இருக்கிறது. வருவதில் உண்டு என்பது வட்டியாகவும் இருக்கலாம், லாபப் பங்காகவும் இருக்கலாம். கடை நன்றாக நடக்கிறவரை இந்தத் தெளிவின்மை இருவருக்கும் சுகமாகவே இருக்கும். ஏனென்றால் ஒவ்வொருவரும் தமக்கு அனுகூலமான பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு அதே வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடை நொடித்த அன்று, கொடுத்தவர் ‘கடனைத் திருப்பிக் கொடு’ என்கிறார். வாங்கியவர் ‘இருவரும் சேர்ந்து போட்ட முதல், இருவருக்கும் போயிற்று’ என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதே இதில் உள்ள துக்கம்.

வெறும் பணம் போனதோடு விஷயம் நின்றாலும் பரவாயில்லை. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின்படி, நிறுவனம் பட்ட கடனுக்குப் பங்காளிகள் ஒவ்வொருவரும் கூட்டாகவும் தனித்தும் பொறுப்பு. பத்து லட்சம் போட்டவர் பங்காளி என்று தீர்மானமாகிவிட்டால், மைதாவும் சர்க்கரையும் கடனுக்குக் கொடுத்த வியாபாரி அவருடைய வீட்டு வாசலுக்கும் வரலாம். போட்ட பத்து லட்சம் என்பது அங்கே எல்லையாகாது. லாபத்தில் பங்கு பெற்றவர் அந்த ஒரு காரணத்தாலேயே பங்காளியாகிவிடமாட்டார், தொழில் செய்வோருக்குக் கடன் கொடுத்தவரும் லாபத்தில் பங்கு பெறலாம் என்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு விளக்குகிறது. 1860-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை காக்ஸ் எதிர் ஹிக்மன் என்ற வழக்கில் நிலைநாட்டிய கொள்கை அது. ஆயினும் அந்த விளக்கம், கட்சிகளுக்கிடையே உண்மையில் இருந்த உறவு என்ன என்பதை எல்லாச் சங்கதிகளையும் வைத்து நீதிபதி ஆராயவேண்டும் என்றே முடிகிறது. ஆராய்ச்சி முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று சட்டம் சொல்லவில்லை. பணம் கைமாறும் அன்றைக்கே ‘இது கடன், பங்கு அன்று, நட்டத்தில் எனக்குச் சம்பந்தமில்லை, இத்தனை தவணையில் அசல் திரும்பவேண்டும்’ என்று மூன்று வரி எழுதியிருந்தால் அந்த ஆராய்ச்சிக்கே அவசியமில்லை. பங்குதான் என்றால், கூட்டு ஒப்பந்தம் எழுதி நிறுவனத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு பெறாத நிறுவனத்தின் பங்காளி, சில விலக்குகள் நீங்கலாக, தன் கூட்டாளிமேல் ஒப்பந்த உரிமைக்காக வழக்கே போட முடியாது. ஆகவே, நண்பனுக்குக் கொடுக்கும் பணத்துக்கு முதலில் பெயர் வையுங்கள் என்பதைத்தான் நான் இன்று சொல்ல வந்தேன். மற்றவை யாவும் அந்தப் பெயருக்கு ஏற்ற சட்டைகள்.

பெயர் வைக்கும்போது வாங்குகிறவர் யார் என்பதையும் கூடவே தீர்மானிக்கவேண்டும். நண்பர் தனி முதலாளியாகக் கடை நடத்தினால், கடைக்குச் சட்டத்தில் தனி உயிர் இல்லை. பலகையில் என்ன பெயர் இருந்தாலும் கடனாளி அவரே. அவர் பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்திருந்து நம் பணம் கம்பெனிக் கணக்குக்குப் போயிருந்தால் சங்கதி வேறு. கம்பெனி வேறு ஆள், நண்பர் வேறு ஆள். கம்பெனி மூழ்கினால் நண்பர் தம் காரில் நம் வீட்டைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர் தனிப்பட்ட ஜாமீன் கையொப்பமிட்டிருந்தாலன்றி வேறு வழியில்லை. இயக்குநரும் உறவினரும் அல்லாத வெளியாரிடம் கம்பெனி பணம் வாங்குவதற்கு 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் கடுமையான கட்டுப்பாடுகள் வேறு இருக்கின்றன.

இனிப் புரோநோட்டைப் பார்ப்போம். அரைத்தாள் காகிதம், தலைப்பில் தேதியும் ஊரும், வாங்குகிறவர், கொடுக்கிறவர் இருவருடைய பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும், பிறகு, ‘வியாபார அபிவிருத்திக்காக இன்று தங்களிடம் பற்றிக்கொண்ட’ தொகை எண்ணாலும் எழுத்தாலும், பிறகு, ‘தாங்கள் கேட்கும்போது தங்களுக்காவது தங்கள் ஆர்டர் பெற்றவர்களுக்காவது’ அசலும் வட்டியும் செலுத்தி நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வாக்கியம், அடியில் வருவாய் வில்லை, அதன்மேல் குறுக்காக ஓடிக் காகிதத்திலும் இறங்குகிற கையொப்பம். அந்த ஆர்டர் என்ற இங்கிலீஷ் சொல் நம் ஊர் நோட்டுகளில் நூறாண்டுகளாக அடம்பிடித்து உட்கார்ந்திருப்பது அலங்காரத்துக்காக அன்று. ‘ஆர்டர் பெற்றவர்களுக்கு’ என்ற வாசகம் இல்லாமல் சாட்சிக் கையொப்பம் மட்டும் வாங்கிவிட்டால், 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி அது புரோநோட்டாக இல்லாமல் பாண்டு என்ற வகைப் பத்திரமாகிவிடும். அதற்கு முத்திரைத் தீர்வை பல மடங்கு.

வில்லையைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்டவுடன் செலுத்தத்தக்க நோட்டுக்கு, ஆயிரம் ரூபாய்க்கு மேல் எவ்வளவு பெரிய தொகையானாலும், சட்டம் கேட்கும் தீர்வை 25 காசு. நாம் ஒட்டுவது ஒரு ரூபாய் வில்லை. இந்த அற்பத் தொகையை மறந்தவர்கள் லட்சங்களை இழந்திருக்கிறார்கள். மற்றப் பத்திரங்களில் தீர்வை குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொண்டு கோர்ட்டில் தாக்கல் செய்யலாம். புரோநோட்டுக்கு அந்தப் பிராயச்சித்தம் கிடையாது. வில்லை ஒட்டாத நோட்டு சாட்சியத்துக்கே ஏறாது. ஒட்டியும், மறுபடி பயன்படாதவாறு அதன் குறுக்கே கையொப்பமிட்டு அடிக்காமல் ஓரமாகப் போட்டிருந்தால், ஒட்டாததாகவே கருதப்படும். தவணை தேதி குறித்து எழுதினால் தீர்வை வேறு கணக்கு என்பதையும் நினைவில் வைத்து, மாதத் தவணையாக வாங்க விரும்புகிறவர்கள் முத்திரைத்தாளில் முறையான கடன் ஒப்பந்தமே எழுதிக்கொள்வது உசிதம்.

வட்டி வேண்டாம் என்பது பெருந்தன்மை. ஆனால் அந்தப் பெருந்தன்மையையும் எழுதிவிடுவது நல்லது. விகிதமே குறிக்காத நோட்டுக்கு, பணம் தரவேண்டிய நாளிலிருந்து ஆண்டுக்கு 18 சதவிகித வட்டியை 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டம் தானாகவே சேர்த்துவிடுகிறது. நண்பன் நாளைக்கு அதைப் பார்த்து நம்மைச் சந்தேகிக்கலாம். வட்டி வாங்குவதானால் மிதமாக வாங்குங்கள், வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். கந்துவட்டியைக் குற்றமாக்கும் தனிச்சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. ஒரு நண்பனுக்கு ஒரு முறை கொடுப்பவருக்கு லேவாதேவி உரிமம் வேண்டியதில்லை. நாலு பேருக்கு வட்டிக்குக் கொடுத்து வாங்குவதே வழக்கமாகிவிட்டால் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அவரைத் தேடி வரும்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவர் தலையில் விடியும். நண்பனுக்கு உதவி செய்யப்போய் அவனை அபராதத்தில் மாட்டிவிடுவது என்ன உதவி? கொடுத்தவருக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. கருநாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்று 2019-இல் தீர்ப்பான ஒரு காசோலை வழக்கில், ஆறு லட்சம் ரூபாயை ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொன்னவரை, அவ்வளவு பணம் அந்தச் சமயத்தில் உம்மிடம் எப்படி இருந்தது என்று எதிர்த்தரப்பு கேட்டது. திருப்தியான பதில் இல்லாமையால் எதிரி விடுதலையானார். வங்கிக் கணக்கு ஏட்டில் ஒரு வரி இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் ‘கடன்’ என்று மூன்றெழுத்து எழுதி அனுப்பினால், பெயர் வைக்கும் காரியமும் அங்கேயே பாதி முடிந்துவிடும். கைப்பேசியில் ‘அடுத்த மாசம் கண்டிப்பா தர்றேன் மச்சான்’ என்று வந்த செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்தால் அவை பேசும். ஆனால் அவற்றையே நம்பி நோட்டு எழுதாமல் இருப்பது, குடை இருக்கும்போது வாழையிலையைப் பிடித்துக்கொண்டு மழையில் போவது.

காசோலையைப் பிணையாக வாங்கி வைப்பது இப்போது பெருவழக்கு. செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு 1989 ஏப்ரலில் அமலுக்கு வந்தபின், பணமின்றித் திரும்பும் காசோலை குற்றமாயிற்று. இன்று அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமும் விதிக்கலாம். காசோலையில் இட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை வங்கியில் செலுத்தவேண்டும். திரும்பியதாகச் செய்தி வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பவேண்டும். அறிவிப்பு கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் முறையீடு செய்யவேண்டும். இந்தப் படிகளில் ஒன்று தவறினாலும் ஏணி சாய்ந்துவிடும். இந்தப் பிரிவை நான் பெரிதும் விரும்புவதில்லை. நண்பனைச் சிறைக்கு அனுப்பும் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட எப்படி மனம் வரும்? எதுவும் எழுதாத வெற்றுக் காசோலையும் வெற்று நோட்டும் வாங்குவதை அடியோடு வெறுக்கிறேன். கையொப்பமிட்டுக் கொடுத்தவர் நிரப்பிக்கொள்ள அதிகாரம் தந்ததாகவே சட்டம் அனுமானிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நிரப்பிய மை வேறு, கையொப்ப மை வேறு என்று வாதம் தொடங்கிய கணத்தில், நேர்மையாகக் கடன் கொடுத்தவரும் மோசடிக்காரரைப்போலக் கூண்டில் நிற்க நேர்கிறது.

பெருந்தொகையானால் ஜாமீன்தாரரோ சொத்து ஈடோ வேண்டும். ஜாமீன்தாரரைக் கேட்காமல் நண்பனுக்கு மேலும் ஆறு மாத அவகாசம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டீர்களானால், ஒப்பந்தச் சட்டத்தின்படி ஜாமீன்தாரர் விடுதலையாகிவிடுவார். தாட்சண்யத்தின் விலை இங்கேயும் உண்டு. வீட்டை ஈடு எழுதினால் பதிவு செய்தாகவேண்டும். வீட்டுப் பத்திரத்தை வெறுமே வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பதைப் பெரிய பாதுகாப்பாக எண்ணாதீர்கள். வில்லங்கச் சான்றில் ஏறாத ஈடு, அடுத்து வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

நண்பர் இறந்துபோனால் என்ன செய்வது என்று வாய்விட்டுக் கேட்க யாருக்கும் நா எழுவதில்லை, நான் கேட்டுவிடுகிறேன். தகப்பன் பட்ட கடனை மகன் தீர்ப்பது தர்மம் என்ற பழைய கோட்பாட்டின் பேரில் மகன்மேல் டிக்கிரி வாங்கிய காலம், 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தத்தோடு, அதன்பின் வாங்கிய கடன்களைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து வாரிசுகளின் கைக்கு வந்த அளவுக்கே இப்போது பொறுப்பு. ஆகையால், நண்பரின் மனைவிக்கும் மூத்த மகனுக்கும் தெரியாமல் கொடுக்கிற பணம் பாதி தொலைந்த பணம். நோட்டில் அவர்களில் ஒருவரைச் சாட்சியாகக் கையொப்பமிடச் செய்தால், பின்னால் அவர்கள் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லமாட்டார்கள். நம் வீட்டிலும் சொல்லி வைக்கவேண்டும். கணவன் காலமான பின் அலமாரியில் கிடைத்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்த அம்மாள் ஒருவருக்கு, ஏழு நோட்டில் ஐந்து காலாவதியானவை என்று சொல்லவேண்டியிருந்தது. அவற்றில் இரண்டு, பதினொரு நாள் வித்தியாசத்தில் போனவை.

எனவே, கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் இன்றிரவே பெட்டியைத் திறந்து, நண்பர்கள் எழுதிக் கொடுத்த நோட்டு ஏதாவது இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். மூன்று ஆண்டு நெருங்கியிருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுக்குப் போய்க் காபி குடியுங்கள், பேனாவை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.